வண்டியில் ஒலிக்கிற ஒரே போன்

தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே விடியற்காலையில் எழுந்து, பல் தேய்த்து, பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, பொழுதெல்லாம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் அக்கா அதை நேரிலேயே கேட்டுவிடுவாள்.

"உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா?"

இருக்கிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் நான் இறங்கியிருக்கிறேன். பொழுதுபோகாமல் கால்பந்து பார்க்கிற ஆள் இல்லை நான். பார்க்காமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். எங்கள் அணி வெளியூரில் ஜெயித்துப் பல காலம் ஆகிறது. அதற்காக ஒரு வெளியூர் ஆட்டத்தையும் நாங்கள் விட்டதில்லை.

நாங்கள் என்றால் நானும் மாமாவும். மாமா என் மனைவியின் அப்பா. ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் ஆயுள் பூராவும் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கண் விழித்துவிடுவார். அத்தை காலமானதும் எங்களோடு வந்து தங்கினார். ஒரே வீட்டில் மூன்று பேர். இப்போது இரண்டு பேர்.

என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எங்கள் கம்பெனியிலேயேதான் அவளுக்கும் வேலை. புகார் போன் எடுக்கிற மேசை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அவள்தான் பேசுவாள். "மூச்சை மெதுவா விடுங்க. கதவைக் கையால தள்ளாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. நான் லைன்லயே இருக்கேன்." ஆள் கிளம்பியிருக்க மாட்டான். ஆள் நான்தான், எங்காவது டீக்கடையில் இருப்பேன். ஆனால் அவள் சொன்னால் உள்ளே இருப்பவர்கள் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காய் நறுக்கியபடியே யாரோ ஒருவரை இருட்டுப் பெட்டிக்குள் உயிரோடு வைத்திருப்பாள். விழுந்த அன்று அலுவலகத்தில் இருந்தாள். அப்போதும் லைனில் யாரோ இருந்திருக்கிறார்கள். அவர் 'ஹலோ, ஹலோ' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாகப் பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்.

நான் அழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. கன்னம் நம்முடையதுதான். தொட்டால் கை தொடுகிறது. கன்னத்துக்குத்தான் தெரியவில்லை. வேலைக்குப் போனேன், கேபிளுக்குக் கிரீஸ் போட்டேன், வந்தேன், தூங்கினேன். விடிவதற்கு முன்னால் மாமா எழுந்து சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியும். நான் விழித்திருப்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மற்றவர் தூங்குவதாக வைத்துக்கொண்டோம்.

இந்த நிலைமையில் வெளிநாட்டிலிருந்து என் மச்சான், அதாவது மாமாவின் மகன், டிக்கெட் அனுப்பிவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை விமானம். மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "அதுதான் முறை. பெத்த பையன் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டுல எதுக்கு? பொண்ணும் இல்ல. நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்கணும்னா..." என்றாள்.

நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவள் குரல் கேட்காத அளவுக்கு.

அவர் போகக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஆனால் எந்த உரிமையில் சொல்வது? பெண் இருந்தவரை மாமனார். இப்போது நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன? ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆட்டம் இருந்தது. இருப்பதிலேயே தொலைவான ஊர். போகவர ஒரு முழு நாள் பக்கத்துப் பக்கத்து சீட். இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 'மாமா, போகாதீங்க.' இரண்டே வார்த்தை. லிஃப்ட் குழிக்குள் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் எதிரொலித்தது.

எங்கள் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அன்று நடந்தது புரியாது.

ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இப்போதும் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார். முன்பொரு தடவை போகும் வழியில் ஒருவன் போனில் செய்தி பார்த்துவிட்டு, 'நம்ம கோல்கீப்பருக்குக் காய்ச்சலாம்' என்று கத்திவிட்டான். அன்று ஆறு கோல் வாங்கினோம். காய்ச்சலால் வாங்கியதா, கத்தியதால் வாங்கியதா என்று ஊர் திரும்பும்வரை பட்டிமன்றம் நடந்தது. கத்தியதால்தான் என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஆட்டத்திலிருந்து வண்டி கிளம்பும் முன் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பழைய கித்தான் பைக்குள் போட்டு, வண்டியின் அடிவயிற்றில், ஸ்டெப்னி டயர் பக்கத்தில் வைத்துவிடுவார். ஆட்டம் முடிந்துதான் வெளியே வரும். அந்தச் சட்டம் வந்த மாதம் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அதோடு அது கல்லில் செதுக்கியது மாதிரி ஆகிவிட்டது.

டிரைவரின் போன் மட்டும் வெளியே இருக்கும். அது வண்டிக்கு வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் எல்லார் வீட்டுப் பெண்களும் டிரைவரையே கூப்பிட்டார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, உன் அம்மா வந்திருக்கிறாள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நான் வண்டி ஓட்டவா, இல்ல உங்க வீட்டு வேலைக்காரனா?" என்று கொதித்தார். அப்போது என் மனைவிதான் ஒரு வழி செய்தாள். டிரைவர் நம்பர் தன்னிடம் மட்டும் இருக்கட்டும். வீடுகளிலிருந்து எதுவானாலும் தன்னிடம் சொல்லட்டும். அவசரம் என்றால் மட்டும் வண்டிக்குச் சொல்கிறேன் என்றாள். அவளுக்கு அது பழகிய வேலை. பஸ்ஸில் அவளுக்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் வைத்தார்கள். டிரைவர் அவள் நம்பருக்குத் தனியாக ஒரு மணியோசை வைத்தார். அது அடித்தால் எடுக்க மாட்டார், பின்னால் கையை நீட்டி முதல் சீட்டில் இருக்கும் என்னிடம் கொடுத்து, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "வீட்டுலேருந்து!" என்பார். பின்னால் எல்லோரும் ஓ போடுவார்கள். நான் காதில் வைத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான். "எங்க வந்துட்டீங்க?"

வேறு நம்பர் எது வந்தாலும் ஓட்டும்போது டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதுவும் சட்டம்தான்.

அன்றைக்கும் வாத்தியார் பையோடு வந்தார். போட்டோம். யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மாமா ஜன்னல் ஓரம், நான் நடைபாதை ஓரம். கைக்குட்டையில் கட்டிய ரொட்டியும் அவித்த முட்டையும் அவர் மடியில். நகரத்தைத் தாண்டியதும் கேட்கலாம் என்று இருந்தேன். தாண்டியதும் பின் சீட்டில் டமாரம் ஆரம்பித்துவிட்டான். அவன் பெயரே அதுதான். வெல்டிங் பட்டறைக்காரன், தோளில் தொங்கும் முரசை இறக்கிவைத்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தில் 'போகாதீங்க' என்று கத்த முடியாது. அடங்கட்டும் என்று விட்டேன். அடங்கியபோது டயர் பஞ்சர். டயர் மாற்றும்போது மாமா ஜாக்கியைப் பிடித்துக்கொண்டார். போன் பை கீழே புழுதியில் இருந்தது. வாத்தியார் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார். அது உள்ளுக்குள் முனகியது.

"வாத்தியாரே, பை பேசுது," என்றார் டிரைவர்.

"பேசட்டும். பதில் சொன்னாத்தான் தப்பு."

நடுப்பகலில் ஒரு சின்ன ஊரில் டீக்கு நிறுத்தினோம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. பட்டப்பகலில் விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்தன. "ஏதோ விளையாட்டாம், காலையிலேருந்து ஒரே பரபரப்பு," என்று டீக்கடைக்காரர் டம்ளரை வைத்தார். எங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அதுக்கா?" என்றார்.

"நாங்க பெரிய ஆட்டத்துக்குப் போறோம்," என்றார் வாத்தியார். "இது பள்ளிக்கூடப் பசங்க ஆட்டமா இருக்கும்."

டீக்கடைக்காரருக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போனார். மாமா கொஞ்ச நேரம் அந்த விளக்குகளையே பார்த்தார்.

"ஒண்ணு எரியல மாப்ள. இடது பக்கம்," என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ஆமா மாமா."

அப்போது கேட்டிருக்கலாம். டீ சூடாக இருந்தது. குடித்தேன்.

அங்கிருந்து கிளம்பியதும் எதிரில் கார்களும் வேன்களுமாக வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் சிவப்புக் கொடி. எதிரணி ரசிகர்கள், தங்கள் சொந்த ஊரைவிட்டு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் கொண்டாட்டம் தாங்கவில்லை. "பயந்து ஓடுறானுங்கடா!" என்று டமாரம் முரசை ஜன்னலுக்கு வெளியே பிடித்து அடித்தான். ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது. அதிலிருந்த பெரியவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, கையால் திருப்பு திருப்பு என்று காட்டி ஏதோ கத்தினார். நாற்பது பேர் பச்சைச் சட்டையை ஆட்டி அவரைவிடப் பெரிதாகக் கத்தினோம். நானும் கத்தினேன். வாய் கத்தியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காட்சிக்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது மைதானம் வந்தது. பெரிய மைதானம். வெளியே ஒரு ஈ காக்காய் இல்லை. டிக்கெட் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பெரிய இரும்புக் கதவில் பூட்டு. உள்ளே கேலரியின் கூரைத் தகரங்கள் பாதி காணவில்லை. மீதி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்கவில்லை.

"மேட்ச் இங்க இல்லையே," என்றார். "ராத்திரி காத்துல கூரை பிச்சுக்கிச்சு. காலையிலயே வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. டிவியில எல்லாம் சொன்னாங்களே?"

எங்கே என்று வாத்தியார் கேட்டார். காவலாளி ஊர்ப்பெயரைச் சொன்னார். நாங்கள் டீ குடித்த ஊர்.

டிரைவர் போய் அடிவயிற்றுக் கதவைத் திறந்து பையை எடுத்துவந்து தரையில் கொட்டினார். நாற்பது போன்கள். ஒவ்வொன்றிலும் விட்டுப்போன அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. மனைவிகள், தம்பிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டமாரத்தின் பட்டறை முதலாளிகூட. ஊரே காலையிலிருந்து ஸ்டெப்னி டயரோடு பேசியிருக்கிறது. என் போனிலும் அக்காவின் அழைப்பு இருந்தது.

டமாரத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "இத்தன பேர் நம்மகிட்ட அடிச்சிருக்காங்க. ஒருத்தராவது டிரைவருக்கு அடிச்சிருக்கக் கூடாதா? எப்பவும் வருமே..."

பாதியில் நிறுத்திவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது. சிலர் என்னைப் பார்த்தார்கள், பார்த்ததும் பார்வையை எடுத்துவிட்டார்கள். சிலர் தரையில் கிடந்த போன்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

டிரைவர் தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "அந்த நம்பர்லேருந்து ஒண்ணும் வரல. வரலன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்? அப்படித்தானே இத்தன நாளும் ஓட்டினேன்?" என்றார். என்னிடம்தான் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "இப்பதான் உறைக்குது."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அடக்கம் செய்தோம், சான்றிதழ் வாங்கினோம், கம்பெனியில் அவள் மேசைக்கு வேறு பெண்ணைப் போட்டார்கள். இந்த வேலைக்கு மட்டும் யாரையும் போடவில்லை. இதை ஒரு வேலை என்றே நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வாத்தியாரின் சட்டத்தால் வண்டி ஓடுகிறது என்று நினைத்தோம். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓடியிருக்கிறது.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கன்னம் மரத்தபடியே இருந்தது.

மாமா இரும்புக் கதவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் புல்லைப் பார்த்து நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கேட்க இதைவிட மோசமான இடம் கிடையாது. அதனாலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"மாமா," என்றேன்.

"ம்."

"முட்டை சாப்பிடுறீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "உரிச்சுக் கொடு," என்றார். உரித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் கதவோரம் நின்று முட்டை சாப்பிட்டோம். காவலாளி உப்பு கொடுத்தார்.

திரும்பிப் போவோம், கடைசிக் கொஞ்ச நேரமாவது கிடைக்கும் என்று வாத்தியார் விசில் ஊதினார். வழியில் யாரும் பாடவில்லை. முரசு மேல் தட்டில் கிடந்தது. போன்கள் இப்போது எல்லோர் கையிலும் இருந்தன, யாரும் அதைப் பார்க்கவில்லை, தெரிந்துகொள்ளப் பயம். பஞ்சரான டயருக்குப் பதில் போட்ட டயர் இடப்பக்கம் ஒரு மாதிரி முனகியது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. அவர் தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஊருக்குள் நுழையும்போதே கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. சிவப்புச் சட்டைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தன. வேனில் வந்த அதே பெரியவர் எங்கள் பஸ்ஸை அடையாளம் கண்டு ஜன்னலைத் தட்டினார்.

"எத்தன தடவ கை காட்டினேன்! காது கேக்காதா உங்களுக்கு?" பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "மூணு-சைபர். உங்க ஆளுங்கதான்," என்றார்.

வெளியூரில் மூன்று கோல். எங்களில் ஒருவன்கூட இல்லாமல். வாத்தியாரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்ப இத்தன காலமும் நாமதான் ராசியில்லாம இருந்திருக்கோம்," என்று டமாரம் சொன்னதற்கு அவர் எதிர்ப்புக்கூடச் சொல்லவில்லை.

மைதானத்தின் கதவு திறந்திருந்தது. நானும் மாமாவும் உள்ளே போனோம். காலி பெஞ்சுகள், காகிதக் கோப்பைகள், மூலையில் ஒருவர் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். கோல் கம்பத்து வலையை இரண்டு பேர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்ததற்கான அறிகுறி எதுவும் புல்லில் இல்லை. நாங்கள் மேல் வரிசையில் உட்கார்ந்தோம். இடது பக்கம் அந்த ஒரு விளக்கு இன்னும் எரியாமலே இருந்தது.

"உன் அக்கா வந்தப்ப, குழாயைத் திறந்துவிட்ட," என்றார் மாமா.

"ஆமா."

"எனக்கு எல்லாம் கேட்டுது. நான் பின்கட்டுல இருந்தேன். அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல."

சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையும் உள்ளேயே நின்றுகொண்டன. என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன்: பெட்டி மாடிக்கு வந்து நின்றிருக்கும், வெளிச்சம் தெரியும், கதவு மட்டும் திறக்காது. வெளியிலிருந்துதான் சாவி போட வேண்டும்.

"நேரமாச்சு," என்று மாமா எழுந்தார்.

எல்லோரும் ஏறியாகிவிட்டது. டிரைவர் இஞ்சினைப் போடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு முடிவு பண்ணிட்டு எடுக்கலாம். இனிமே யார் நம்பர்?"

தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று ஒருவன் ஆரம்பித்தான். அவளுக்குக் கால்பந்து என்றாலே ஆகாதே என்று இன்னொருவன் முடித்தான். டமாரம் அம்மாவைச் சொல்லிப் பார்த்தான். அவளுக்குக் காது மந்தம். கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. என்னை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பேசவும் கூசியது.

மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என் நம்பரைப் போட்டுக்க," என்றார்.

டிரைவருக்குப் புரியவில்லை. "நீங்க வண்டியிலல்ல இருப்பீங்க, ஐயா? உங்க போனும் பைக்குள்ளதானே இருக்கும்?"

"இனிமே வெளியூர் ஆட்டத்துக்கு நான் வரல. வீட்டுல இருந்து பாத்துக்கறேன். எதாவதுன்னா கூப்பிடுறேன்."

அடுப்பு வேலையில் இருந்தபோதுகூட லீவு போட்டு வந்தவர். காலில் கட்டோடு ஒரு தடவை வந்தவர். ஒரு ஆட்டம்கூட விடாத மனிதர் அவர்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "எந்த வீட்டுல இருந்து, மாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல்தான் இருந்தது. தீய்ந்த ரொட்டியைப் பார்ப்பது போல.

"நம்ம வீட்டுலேருந்துதான். அங்கேருந்து கூப்பிட்டா டிரைவருக்கு இன்டர்நேஷனல் காலா வரும்."

"வெள்ளிக்கிழமை டிக்கெட்..."

"அது உன் மச்சான் எடுத்த டிக்கெட். அவன் பாத்துப்பான்." உட்கார்ந்தார். டிரைவர் நம்பரை ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டுக்கொண்டு பழைய மணியோசையையே அதற்கும் வைத்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்தபடியே, "நீ கேக்கறதுக்குத்தான் வந்தன்னு தெரியும். வாயைத் திறப்பன்னு பாத்தா முட்டையை நீட்டுற," என்றார்.

பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. மச்சான் ஒரு வாரம் கோபமாக இருந்தான். அக்கா இன்னும் கோபமாக இருக்கிறாள்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். வாத்தியார் பையை நீட்டினார், சட்டம் சட்டம்தான். போட்டேன். ஜன்னலோர சீட்டில் யாரையும் உட்கார விடாமல் டமாரம் முரசை வைத்திருந்தான். வெளியே வயல்களும் கிடங்குகளும் போய்க்கொண்டிருந்தன. ஊசியின் மரப்பு விடாத அதே கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் அந்த மணி அடித்தது. வண்டி முழுக்கப் பேச்சு நின்றது. டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் கையை நீட்டினார். பழைய மாதிரிக் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னார்.

"வீட்டுலேருந்து."

நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"எங்க வந்துட்டீங்க?" என்றார் மாமா.

ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாலையோரத்தில் பலகை எதிரே வந்துகொண்டிருந்தது, பெரிய எழுத்து. என்னால் அதைப் படிக்க முடியவில்லை. கன்னமெல்லாம் நனைந்து சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்தது. பின்னால் யாரும் ஓ போடவில்லை.

மாமா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல, மெதுவா சொல்லு," என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."